தாடி வளராத கார்த்திகை

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்கழி மாதக் காலை. தேனிப் பக்கத்துக் கோம்பையில், எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஐயப்ப குருசாமி வீட்டில் நடந்தது இது. இத்தனை நாள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் கணவரிடம் கேட்டுவிட்டுத்தான் இப்போது எழுதுகிறேன். "பேரு போடாம எழுது" என்றார். அவ்வளவுதான் நிபந்தனை.

அவர் ஜீப் ஓட்டுகிறவர். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை விடியும் முன்பே ஏற்றிக்கொண்டு, கம்பம், லோயர் கேம்ப் வழியாக மலை ஏறி, குமுளிப் பக்கத்துத் தோட்டங்களில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். நான் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். ஒரே மகள், அப்போது ஏழாம் வகுப்பு படித்தாள்.

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து ரோடெல்லாம் கறுப்பு வேட்டிதான். சபரிமலைக்குப் போகிற வழி அல்லவா. இவரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாலை போடுகிறவர். மாலை போட்டுவிட்டால் செருப்பு கிடையாது, கறி கிடையாது, முகத்தில் கத்தி படக் கூடாது. தனிப் பாயில் படுக்கை. பெண்டாட்டியே ஆனாலும் விலகித்தான் இருக்க வேண்டும், புருஷனைச் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். முதல் வருஷம் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. 'சாமி, தோசை ஊத்தவா' என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன். அவரும் சிரிப்பை அடக்க முடியாமல் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

அந்தச் சிரிப்பெல்லாம் எப்போது நின்றது என்று என்னால் குறிப்பாகச் சொல்ல முடியவில்லை. நான் சொல்லும் அந்த மார்கழிக்கு முந்தைய மூன்று வருஷங்களாக, மாலை அவர் கழுத்தில் கிடக்கும் நாள்கள் கூடிக்கொண்டே போயின. மலைக்குப் போய்வந்து கழற்றுவார். சித்திரை விஷுவுக்கு மறுபடி போடுவார். அப்புறம் ஒரு மாதப் பூஜை, அப்புறம் ஆவணி, அப்புறம் பார்த்தால் கார்த்திகையே வந்துவிடும். மாலை இல்லாத நாள்களை நான் காலண்டரில் தேட வேண்டியிருந்தது. தெருவில் எல்லோருக்கும் பெருமை. இவ்வளவு பக்தியான மனுஷனைக் கட்டிக்கொள்ள நீ கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். ராத்திரி மகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஐயப்பன்மேல் கோபப்படவா முடியும்?

மற்ற விஷயங்களும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். எப்போதும் அசதி. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் அப்படியே தூங்கிவிடுவார். காலையில் சீக்கிரம் எழுகிறார், அதனால்தான் என்று நினைத்தேன். அடிக்கடி தலைவலி. வெயிலில் வண்டி ஓட்டுகிறார் என்று தைலம் தேய்த்துவிட்டேன். அவருடைய கறுப்புச் சட்டையை நான்தான் தைப்பேன். பழைய அளவுக்கே தைத்த புதுச் சட்டை நெஞ்சில் இறுக்கிப் பிடித்தது, தோளில் தொளதொளவென்று தொங்கியது. மலைப்பாதை டீக்கடைகளில் வடையும் போண்டாவும் தின்று இப்படி ஆகிவிட்டது என்று கேலி செய்தேன். அவர் சட்டையைக் கழற்றாமலேயே வெளியே போய்விட்டார். பஜனையில் மற்ற சாமிகள் எல்லாம் வெற்றுடம்போடு நிற்க, இவர் மட்டும் துண்டை நெஞ்சு மறையப் போர்த்திக்கொண்டு நிற்பதையும் பார்த்தேன். குளிர் போல என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கார்த்திகையில் தாடி வளரவில்லை.

முந்தின வருஷமே கொஞ்சம் பூஞ்சையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வருஷம் நாற்பது நாள் கழிந்தும் மோவாயில் நாலு முடி, மீசையிலும் பாதி காணோம். அவர் கோஷ்டியில் இருந்த மற்றவர்கள் முகமெல்லாம் புதராக மண்டிப்போய் இருந்தார்கள். இவர் கன்னம் மட்டும் நேற்று மழித்த மாதிரி பளபளவென்று இருந்தது. கோஷ்டிக்குள் குசுகுசுவென்று பேச்சு எழுந்திருக்கிறது. ஜீப்பில் பெண்களோடு போகிறவர், அழகு பார்த்துக்கொள்கிறார் என்றுகூட ஒருவர் சொல்லியிருக்கிறார். என் காதுக்கு அது வரவில்லை. அவர் காதுக்கு வந்திருக்கிறது.

இருமுடி கட்டும் அன்று காலை குருசாமி வீட்டில் எல்லோரும் குடும்பத்தோடு கூடியிருந்தோம். குருசாமி கமிஷன் மண்டியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கறாரான மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு சாமியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேங்காயில் நெய் நிரப்பி, குடும்பத்தார் கையால் இருமுடிப் பையில் அரிசி போடவைத்து, அந்தக் கட்டைத் தலையில் ஏற்றிவிடுவார். எங்கள் முறை வந்தது. நானும் மகளும் அரிசியைக் கையில் அள்ளிக்கொண்டு நின்றோம். இவர் முன்னால் போய் உட்கார்ந்தார். குருசாமி பையை எடுக்கவில்லை. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, மொகத்துல கத்தி பட்டுருக்கா?"

கூடத்தில் சரணம் சொல்லிக்கொண்டிருந்த குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. எனக்குப் பயமே இல்லை. ஏனென்றால், கார்த்திகை முதல் தேதி அன்று சவரக் கத்தியையும் பிரஷையும் பழைய துணியில் சுற்றி என் மிஷின் டிராயரில் வைத்துப் பூட்டியவளே நான்தான். வருஷா வருஷம் அப்படித்தான். இல்லை சாமி என்று இவர் சொல்லப்போகிறார், குருசாமி பையை எடுக்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

இவர் தரையைப் பார்த்தபடி, "ஆமா சாமி, பட்டுருச்சு" என்றார்.

குருசாமி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. கத்தி பட்டவருக்குத் தன் கையால் கட்டு கட்ட முடியாது என்றும், மாலையைக் கழற்றி ஐயப்பன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போங்கள் என்றும் மெதுவாகச் சொன்னார். இவர் கழற்றி வைத்தார். இத்தனை வருஷ மாலை. நெய் நிரப்புவதற்காகக் கண் திறந்து வைத்திருந்த தேங்காயை மகள் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தாள்.

தெருவே பார்க்க நடந்து வந்தோம். வழியில் ஓரமாக நிறுத்தியிருந்த பைக்கில் இவர் நன்றாக முட்டிக்கொண்டார். அவமானத்தில் கண் தெரியவில்லை பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். மிஷின் டிராயரைத் திறந்து, சுற்றின சுற்று கலையாமல் இருந்த அந்தத் துணியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்க மழிக்கல. எனக்குத் தெரியும். எதுக்கு அப்படிச் சொன்னீக?"

துணியைக் கையால் ஓரமாகத் தள்ளினார். பிறகு சொன்னார்.

"வளரலன்னு எப்படிப் புள்ள சொல்றது, அத்தன ஆம்பளைக நடுவுல? வெரதத்த முறிச்சவன்னு சொன்னா ஒரு வருசத்துல மறந்துருவாக. இது அப்படியா?"

அதற்குப் பிறகு மூன்று வருஷத்தையும் சொல்லித் தீர்த்தார். உடம்பில் இருந்து ஒவ்வொன்றாக விலகிப்போனதைச் சொன்னார். முதலில் ஆசை போயிருக்கிறது. பிறகு நினைத்தாலும் முடியாமல் போயிருக்கிறது. பிறகு பலம். நாற்பதைத் தாண்டினால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறார். பிறகு ஏதோ சாமிக் குற்றம் என்று நினைத்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் விற்கிற லேகியம் வாங்கித் தின்றிருக்கிறார். யாரோ சொன்னார்கள் என்று உடம்பு வலிக்கு ஊசியும் போட்டிருக்கிறார். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் மாலையைப் பிடித்துக்கொண்டார்.

"மால கழுத்துல கெடந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. நீயும் கேக்க மாட்டல்ல."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மூன்று வருஷம் நான் மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் பாயில் இவரும் விழித்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். என்னை வேண்டாம் என்று விலகியதாக நான் நினைத்தேன். தன்னை எனக்குக் காட்டக் கூசி அவர் விலகியிருக்கிறார். அன்று அவர் தலையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். மாலைதான் கழுத்தில் இல்லையே.

டாக்டரிடம் போகலாம் என்றேன். மாட்டேன் என்றார். வராவிட்டால் குருசாமி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றேன். பொங்கல் கழியும் முன்பே பஸ் ஏறித் தேனிக்குப் போனோம்.

டாக்டர் ஒரு பெண். சின்னமனூர்ப் பக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். அவரைப் பார்த்ததும் இவர் 'அசதியா இருக்கு' என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். மீதியை நான் சொன்னேன். அந்த அம்மா நிமிர்ந்து ஒரு மாதிரிப் பார்க்கவெல்லாம் இல்லை. இருமல் எத்தனை நாளாக என்று கேட்பது போலச் சாதாரணமாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். சர்க்கரை உண்டா? குறட்டை விட்டுத் தூங்குகிறபோது மூச்சு நின்று நின்று வருகிறதா? குடி உண்டா? வயசுப் பையனாக இருந்தபோது பொன்னுக்கு வீங்கி வந்து விதை வீங்கியதா? அங்கே அடிபட்டதுண்டா? உடம்பு ஏற்றுவதற்கு ஜிம்மில் கொடுக்கும் ஊசி ஏதாவது? வலி ஊசி? ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர், வலி ஊசிக்கு மட்டும் ஆமாம் என்றார். அதற்கு அந்த அம்மா முகம் சுளித்து, பெயர் தெரியாத ஊசியை இனி உடம்பில் ஏற்றக் கூடாது, அதுவே ஆண் ஹார்மோனை அமுக்கிவிடும் என்று கண்டித்தார். இத்தனை காரணம் இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியம். சாமிக் குற்றம் என்ற காரணம் அதில் எங்கும் இல்லை.

பிறகு தலைவலி பற்றிக் கேட்டார். அடிக்கடி வருகிறது என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து இவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். கண் எப்படி என்று கேட்டதற்கு, நன்றாகத் தெரிகிறது, வண்டி ஓட்டுகிறவன் நான் என்றார் இவர்.

"என் மூக்கையே பாருங்க. பக்கத்துல என் விரல் ஆடுறது தெரிஞ்சதும் சொல்லுங்க."

இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் விரித்து நீட்டினார். விரல்களை ஆட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டு கை விரல்களும் ஆடுவது தெரிந்தது. இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அந்த அம்மாவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் ஆடிக்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து இவர் பணிவாகச் சொன்னார்.

"ம், ஆரம்பிங்க டாக்டர்."

அந்த அம்மா கைகளை மெல்ல உள்ளே கொண்டுவந்தார். கிட்டத்தட்ட தன் கன்னத்துக்கு அருகே வந்த பிறகுதான் இவர், இப்போது தெரிகிறது என்றார்.

நேராக இருப்பது மட்டும்தான் இவருக்குத் தெரிந்திருக்கிறது. பக்கவாட்டில் இருந்த உலகம் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டே வந்திருக்கிறது. மெதுவாக அணைந்ததால் அவருக்கே தெரியவில்லை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, தினமும் ஒரு ஜீப் நிறையப் பெண்களோடு, ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பள்ளமுமான அந்த வளைவுகளில் ஏறி இறங்கியிருக்கிறார். வண்டியின் இடது பக்கக் கண்ணாடி இரண்டு முறை உடைந்தது எனக்கு அப்போது நினைவு வந்தது. இரண்டு முறையும் ரோட்டோரம் வண்டியை நிறுத்தியவனைத்தான் திட்டினோம். தெருவில் அந்த பைக்கும் நினைவு வந்தது. அந்த ஜீப்பில் வருகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் ஜாக்கெட் தைக்கிறவர்கள். ஒவ்வொருத்தி அளவும் எனக்கு மனப்பாடம். அவர்கள் பிள்ளைகளின் பெயர் தெரியும்.

என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். நான் சொன்னேன். இன்றிலிருந்து வண்டியைத் தொடக் கூடாது என்றார். அவர் குரல் அப்போதுதான் மாறியது.

மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். மதுரைக்குப் போய்த் தலையில் ஸ்கேன் எடுத்தோம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி உண்டாம். அதில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னார் அந்த அம்மா, அதற்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வைக்கிற ஹார்மோனை அந்தக் கட்டி அளவுக்கு மீறிச் சுரந்து கொட்டுகிறது. அதனால் ஆண் ஹார்மோனைச் சுரக்கச் சொல்லும் உத்தரவே மேலிருந்து கீழே போகவில்லை; தாடி நின்றதும் நெஞ்சு பெருத்ததும் அதனால்தான். அது வளர்ந்து கண் நரம்பையும் அழுத்துகிறது. நாங்கள் விழிப்பதைப் பார்த்துவிட்டு அவரே எங்கள் ஊருக்கு வரும் பெரியாற்றுத் தண்ணீர்க் கணக்கில் சொன்னார்.

"லோயர் கேம்ப்ல ஷட்டர் மூடிக் கெடந்தா, வயல்ல வாய்க்கால எவ்வளவு வெட்டினாலும் தண்ணி வருமா? நீங்க இத்தன நாளா வயலையே வெட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க."

இவருக்கு அது உடனே புரிந்தது. பல நாள் கழித்து அன்றுதான் லேசாகச் சிரித்தார்.

வாரத்தில் இரண்டு நாள் போடுகிற மாத்திரை. சிலருக்கு அதிலேயே கட்டி சுருங்கிவிடும், சிலருக்கு ஆபரேஷன் வேண்டியிருக்கும், பார்க்கலாம் என்றார்கள். எங்களுக்கு மாத்திரையே கேட்டது. முதலில் கண் திரும்பியது. சில வாரங்களில் கதவோரம் நிற்கும் பூனை தெரிகிறது என்றார். மற்றவை திரும்ப மாதங்கள் ஆயின. வண்டியை அதுவரை தெரிந்தவர் ஒருவர் ஓட்டினார். ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து வருகிற அக்கா ஒருவர் ஜாக்கெட் வாங்க வந்தபோது விஷயம் கேள்விப்பட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வளைவில் 'அண்ணே, எடது பக்கம் பாத்து' என்று அவர்தான் அடிக்கடி குரல் கொடுப்பாராம்.

"மால போட்ட நெனப்புல ஓட்டுறாக, சாமி பாத்துக்கிருவாருன்னு விட்டுட்டோம்மா" என்றார்.

நானும் அப்படித்தானே விட்டிருந்தேன். அவரை என்ன சொல்ல?

மாசி மாதம் ஒரு நாள், குருசாமி வீட்டுக்குப் போக வேண்டும், நீயும் வா என்றார் இவர். பஜனை முடிந்து கோஷ்டி ஆண்கள் எல்லோரும் இருந்த நேரமாகப் பார்த்துத்தான் கூட்டிப் போனார். அன்று கேட்ட அதே கூடத்தில் நின்றுகொண்டு சொன்னார்.

"சாமி, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். மழிக்கல. வளரல."

காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. குருசாமி எழுந்து வந்தார். விரதத்தைக் காப்பாற்றியவன் கழுத்திலிருந்து மாலையைக் கழற்ற வைத்துவிட்டேனே என்று சொல்லிக்கொண்டே, எவ்வளவு தடுத்தும் கேட்காமல் இவர் காலைத் தொட்டார். அந்த வயதானவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அழகு பார்க்கிறார் என்று பேசிய ஆள் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதே ஆளின் மனைவி அடுத்த வாரம் ஜாக்கெட் துணியோடு என்னிடம் வந்தாள். அளவு எடுத்து முடித்த பிறகும் போகாமல் நூல்கண்டை உருட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில், தேனி டாக்டரை எந்தக் கிழமையில் பார்க்கலாம் என்று கேட்டாள். நான் எதற்கு என்று கேட்கவில்லை. கிழமையைச் சொன்னேன். பிறகு கேள்விப்பட்டேன், அவள் கணவருக்கு இருந்தது சர்க்கரையாம், பல வருஷமாகத் தெரியாமலே இருந்திருக்கிறது. இன்னொருவர் இவரையே ஜீப் ஸ்டாண்டில் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டாராம். அவர் யார் என்று என்னிடம்கூட இவர் சொல்லவில்லை. அது சரிதான்.

அடுத்த கார்த்திகையில் குருசாமியே எங்கள் வீட்டுக்கு வந்து மாலை போட்டுவிட்டார். தாடி வளர்ந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, ஒழுங்கே இல்லாமல். இருமுடி கட்டும் அன்று குருசாமி அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பையை எடுத்தார். நானும் மகளும் அரிசி போட்டோம். மலைக்குப் போய்வந்த அன்றே இவர் மாலையைக் கழற்றினார். நான் டிராயரைத் திறந்து சவரக் கத்தியை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் குமுளியில் ஒரு வேலை என்று என்னையும் ஜீப்பில் கூட்டிப் போனார். டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொல்லி அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன. நான் இடது பக்கம் முன் சீட்டில் இருந்தேன். லோயர் கேம்ப் தாண்டி முதல் வளைவு ஏறும்போது பள்ளத்தைப் பார்த்தேன். அந்த மூன்று வருஷமும் நினைவுக்கு வந்தது. சத்தம் வராமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அவர் தலை திரும்பவில்லை. கண் ரோட்டில்தான் இருந்தது.

"என்ன புள்ள, எதுக்கு அழுகுற?" என்றார்.

இப்போதும் கார்த்திகை பிறந்து கறுப்பு வேட்டிக் கூட்டம் சரணம் சொல்லிக்கொண்டு எங்கள் தெருவில் போகும்போது, மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து கும்பிடுகிறேன். கும்பிட்ட கை இறங்கும் முன்பே என் கண், அந்தத் தாடிக்காரர்களுக்கு நடுவே தாடி வளராத முகம் ஏதாவது தலைகுனிந்து போகிறதா என்று தானாகவே தேடத் தொடங்கிவிடுகிறது.